எங்கள் ஜப்பான் மந்திரி

ஜப்பான் அரசியலை எங்கள் மந்திரி அளவுக்குத் தெரிந்தவர் ஆக்லாந்திலேயே கிடையாது. அவ்வளவையும் தப்பாகத் தெரிந்துவைத்திருந்தவரும் கிடையாது.

தொண்ணூறுகளில் அந்த நகரத்தின் விரி என்ற பகுதியில் ஒரு கார் யார்டு. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய கார்களைக் கழுவித் துடைப்பது எங்கள் வேலை. நான் மதுரைக்காரன், மந்திரி என்று நாங்கள் பட்டம் சூட்டிய அவர் யாழ்ப்பாணம். டிக்கியிலும் மிதியடிக்கு அடியிலும் ஜப்பான் செய்தித்தாள் கிடக்கும். ஒருநாள் அதில் புருவம் புதராக வளர்ந்த ஒரு கிழட்டு அரசியல்வாதியின் படம். மறுவாரம் வேறொரு காரில் அதே புருவம். அன்று பிடித்தது அவருக்குப் பைத்தியம். கார்களைச் சோதிக்க வரும் ஜப்பான்காரரிடம் காகிதத்தை நீட்டுவார். அந்த மனிதருக்குத் தெரிந்த ஆங்கிலமே நாலைந்து வார்த்தை. "மினிஸ்டர். ரிசைன். சாரி." மிச்சத்தை மதியச் சாப்பாட்டின்போது மந்திரியே இட்டுக்கட்டி எங்களுக்குப் பிரசங்கம் செய்வார்.

எந்தக் காகிதம் எந்த வருஷத்தது என்று யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை கிழவர் பதவியை விட்டுவிட்டுக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். செவ்வாய் முதல்முதலாகத் தேர்தலில் நின்றார். புதன் கட்சியை உடைத்தார். வியாழன் அதே கட்சியில் மந்திரியானார்.

"பாத்தனியே தம்பி, நேற்றுக் கவுண்டவர் இண்டைக்குத் தலைமயிரும் கறுத்து எழும்பி நிக்கிறார்!"

"அண்ணே, அது பழைய பேப்பருண்ணே."

"எங்களுக்கு இண்டைக்குத்தானே வந்தது."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் அவருடைய அகதி மனுவை ஏற்கெனவே ஒருமுறை தள்ளியாயிற்று. மேல்முறையீடும் தோற்றால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு முகாமில் மூன்று மாதம் அடைத்துவைத்துத்தான் அவருடைய மூன்று விரல் நகங்களைப் பிடுங்கினார்கள். மனைவியும் மகளும் கொழும்பு லாட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். கிழவர் எழும்பி நிற்கும் நாட்களில்தான் மந்திரிக்குச் சோறு இறங்கும்.

விசாரணை நாள் காலையில் ஒரு வேனில் கிடைத்த காகிதத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அந்தப் புருவம். சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். "டெட்," என்றார் ஜப்பான்காரர். "லாங் டைம்." அவசரமாக மடித்துப் பைக்குள் போட்டேன். அதற்குள் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போக மந்திரி வந்துவிட்டார். கழுத்தில் என் டை.

"இண்டைக்குக் கிழவர் என்ன செய்யிறார்?"

"ஜெயிச்சிட்டாருண்ணே."

"அப்ப எனக்கும் சரிவரும்," என்று தனியாகப் புறப்பட்டார்.

சாயங்காலம் ஹென்டர்சனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப பிடிச்சவங்கள், எப்ப விட்டவங்கள், அடிச்சது முந்தியோ பிந்தியோ எண்டு கேட்டவை, தம்பி. போன தரம் ஒண்டு சொன்னனான், இந்தத் தரம் வேறொண்டு சொல்லிப்போட்டன். எனக்கு அதெல்லாம் ஒரே நாள்தான்."

தேதிகள் பொருந்தவில்லை, ஆகவே நம்ப இயலவில்லை என்று கடிதம் வந்தது. ஒரு ஜப்பான் கிழவருடைய வாழ்க்கை எந்த வரிசையில் வந்தாலும் நம்பிய மனிதர் அவர். அவருடைய மூன்று மாதத்தை நம்ப அங்கே ஆளில்லை.

விமானம் ஏற்றிவிட்டோம். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. எனக்கு என் மேல்தான் கோபம். ஜெயிச்சிட்டார் என்று புளுகிய வாயால், லீவு போட்டுட்டு நானும் வர்றேண்ணே என்று சொல்லியிருக்கலாம். அவர் ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்டால் அவர் என்ன ஆனார் என்று விசாரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.