கூஜா விளக்கின் மேல் ஒரு பொட்டு

எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை வெளியே சொல்ல எனக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். நாமக்கல் பக்கத்தில், அதுவும் லாரி ஓட்டியவரின் மகனாகப் பிறந்துவிட்டு இதைச் சொல்லத் தனி தைரியம் வேண்டும். எங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ரோட்டில் போகும் வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். நானும் “ஆமாங்க, அதேதானுங்க” என்று தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டியே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மூன்று கை மாறிய ஒரு பழைய காரை வாங்கினேன். தங்கை மல்லிகாவின் மகளுக்குப் பரமத்தி வேலூர் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எங்கள் அப்பா உயிரோடு இல்லை. தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். என் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்கள். அவர்கள் முன்னால் சீர்த்தட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. (எங்கள் எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லில் பஸ் மாறினால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம். நிம்மதி யாருக்கு வேண்டும்?)

காரை வாங்கி நான்காவது நாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அதில் கூஜா மாதிரி ஒரு படம்.

“ஏனுங்க, செவப்பா என்னமோ எரியுதுங்களே” என்றாள் என் மனைவி செல்வி.

“லைட்டுதான் ரிப்பேரு. பழைய வண்டின்னா அப்படித்தான்.”

“ஒருக்கா ஒர்க் ஷாப்புல காட்டிரலாமுங்க.”

“லாரிக்காரரு மவனுக்கே நீ சொல்லித் தர்றியா?”

விளக்கு அணையவில்லை. எரிச்சலாக இருந்தது. செல்வியின் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை உரித்து அந்தக் கூஜாவின் மேல் ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. செல்வி ஒன்றும் சொல்லவில்லை. (அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வந்துவிடுகிறது.)

காதுகுத்து அன்று நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. எட்டரைக்கெல்லாம் நாமக்கல்லைத் தாண்டிவிட்டோம். பானெட்டுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கருகல் வாடை வந்தது. பக்கத்தில் கோழிப்பண்ணை இருக்கும் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன். அடுத்த ஒரு கிலோமீட்டரில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வழியில் போன இரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள். நான் செகண்ட் கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணப் பார்த்தேன். சக்கரம் உருளாமல் ரோட்டில் கறுப்பாகக் கோடு போட்டது.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் வந்து சேரவே ஒன்பதே கால் ஆகிவிட்டது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவினார். கம்பியில் ஈரமே இல்லை. பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை.

“சீஸ் ஆயிருச்சுங்க. ஆயிலே இல்லாம ஓட்டியிருக்கீங்க. உள்ள இரும்பும் இரும்பும் ஒரசி ஒட்டிப் புடிச்சிருச்சு” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கோணுமே?” என்றார்.

“எரியலைங்க” என்றேன்.

அவர் உள்ளே குனிந்து சாவியைத் திருப்பி, உற்றுப் பார்த்தார். நகத்தால் எதையோ சுரண்டினார். கூஜா பளிச்சென்று எரிந்தது. விரல் நுனியில் இருந்த பொட்டைப் பார்த்தார். செல்வியின் நெற்றியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இந்தாங்க சாமி” என்று பொட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மல்லிகா போன் செய்தாள். “அண்ணா, எங்க வந்துட்டு இருக்கீங்க?”

“பரமத்தி தாண்டியாச்சு சாமி” என்றேன். வழியில் வரும் பரமத்திக்கு இன்னும் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.

போனை வைத்ததும் செல்வி வாயைத் திறந்தாள். “இப்பப் போன்லயும் ஒட்டிட்டீங்களா?”

பஸ் ஏதாவது வரும் என்று காத்திருந்தோம். வந்த இரண்டும் உள்ளே கூட்டம் நிரம்பி, நிற்காமல் போய்விட்டன. கடைசியில் ஒரு முட்டை வண்டிக்காரர் இரக்கப்பட்டார். செல்வியும் சீர்த்தட்டும் முன்னால். நான் பின்னால், அடுக்கிய முட்டை அட்டைகளுக்கு நடுவில், மடியிலும் ஓர் அட்டையோடு. “ஆடாம உக்காந்துக்கோங்க. முப்பதுக்கு மேல போவ மாட்டேனுங்க” என்றார். சொன்ன சொல் தவறவில்லை. வேகத்தடை ஒன்றில் மட்டும் மடியிலிருந்த அட்டை தன் வேலையைக் காட்டியது.

பத்து ஐம்பதுக்குப் பட்டுக்கரை வேட்டியெல்லாம் மஞ்சள் கருவோடு கோயில் வாசலில் இறங்கினேன். காரில் வந்து இறங்க ஆசைப்பட்ட தாய்மாமன். குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அழுது அழுது தூங்கிப்போயிருந்தது. நேரம் போகிறது, பங்காளி ஒருவர் மடியில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். “எங்கண்ணன் மடிதான்” என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள் மல்லிகா. அதற்காக எத்தனை பேச்சு வாங்கினாளோ.

என் வேட்டியைப் பார்த்தாள். ஒரு துண்டை மடித்து என் மடியில் விரித்து, குழந்தையை அதன் மேல் வைத்தாள்.

“வண்டி நின்னு போச்சுன்னு நெசத்தைச் சொல்லியிருந்தா, இவரு காரை எடுத்துட்டு முக்கா மணி நேரத்துல உங்களக் கூட்டியாந்திருப்பாரேண்ணா” என்று மெதுவாகச் சொன்னாள்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எஞ்சின் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. பரமத்தி தாண்டியாச்சு என்று சொன்ன வாயை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். இன்றைக்கும் படுகிறேன். பந்தியில் இலை போடும் முன்பே செல்வி பொட்டுக் கதையைச் சொல்லிவிட்டாள். ரிக் வண்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் கோயில் மணி தானாக அடித்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பதோடு விடுவதில்லை. “பொட்டுக் கிட்டு ஒட்டலியே?” என்றும் கேட்போம். காது குத்திக்கொண்ட மருமகள் பரீட்சை மார்க்கைச் சொல்லும்போது நானே கேட்டிருக்கிறேன்.

போன தை மாதம் மல்லிகா போனில் பேசினாள். எல்லாரும் சௌக்கியம் என்றாள். வழக்கம்போல, “பொட்டுக் கிட்டு ஒட்டலியே அம்மிணி?” என்றேன். எப்போதும் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

“ஒட்டித்தான் வெச்சிருக்கேனுங்கண்ணா” என்றாள். “ஒரு மாசமா படி ஏறுனா நெஞ்சு அடைக்குது. ஊட்டுல ஆருகிட்டயும் சொல்லலை.”

“கெளம்பி வாரேன் சாமி.”

“கார்ல வந்துராதீங்க.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மாப்பிள்ளையும் நானும் அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அடைப்பு இருந்தது, சரிசெய்தார்கள். இப்போது படியேறி மாடியில் வத்தல் காயப்போடுகிறாள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர், “நல்ல வேளை, நேரத்தோட வந்துட்டீங்க” என்றார்.

மல்லிகா என்னைக் கைகாட்டி, “எங்கண்ணன் பஸ்ஸுல வந்தாருங்க” என்றாள்.