மார்பு விலகல் சான்றிதழ்

ஆவடியை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில், நாட்டின் பாதுகாப்பு கருதி அதன் பெயரைச் சொல்வதற்கில்லை, 1987ஆம் வருஷம் பதினெட்டுப் பெண்கள் காவலர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அதுவரை பெண் ஊழியர்களின் கைப்பைகளை ஆண் காவலர்களே சோதித்துவந்தார்கள். அதில் இரு தரப்புக்கும் சங்கடம் இருப்பது பதினாறு வருஷத்துக்குப் பிறகு மேலிடத்தின் கவனத்துக்கு வந்திருந்தது.

பெண்கள் வருவதென்றால் சீருடை வேண்டும். சட்டை, பேண்ட், பெல்ட், பூட்ஸ் என்று பட்டியல் எழுதிக்கொண்டே வந்த ஸ்டோர்ஸ் அதிகாரி ரகுநாதன் பதினோராவது இனத்தில் பேனாவை நிறுத்தினார். ஆண்கள் பட்டியலில் அந்த இடத்தில் ‘பனியன், கையில்லாதது, மூன்று’ என்றிருந்தது. பெண்களுக்கு அங்கே என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நட்டு, போல்ட், கிரீஸ், தார்ப்பாய் எல்லாம் எழுதிய கை அதை எழுத மறுத்தது. கடைசியில் ‘உள்ளாடை, மேற்பகுதி, மகளிர்’ என்று எழுதிவிட்டு, அளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒரு குழு அமைத்தார்.

குழுவில் நான்கு பேர், நால்வரும் ஆண்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். மறுநாள் கேட்காமலே வந்தார்கள். வேறு வழியில்லாமல் பனியன் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். ஆண் காவலர்களின் சராசரி மார்பு எண்பத்தைந்து சென்டிமீட்டர். முப்பத்துநாலு அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்கத்தில் ஆண் பெண் பேதம் கிடையாது என்பதால் அதுவே பதினெட்டுப் பேருக்கும் முடிவாயிற்று. ஐம்பத்துநாலு உருப்படிகள் வந்து இறங்கின. தரப் பரிசோதகர் ஒவ்வொன்றாக எடுத்து, நூல், தையல், கொக்கி எல்லாம் பார்த்து, ‘விவரக்குறிப்புக்கு உட்பட்டது’ என்று முத்திரை குத்தினார்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி கஸ்தூரி. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வீடு. வயது இருபத்துநாலு. அவள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண். சென்னீர்குப்பத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வேலை நிரந்தரமானதும் தாலி என்பது மாப்பிள்ளை வீட்டார் பேச்சு. வேலை நிரந்தரமாக ஆறு மாசம் ஆகும். அதற்குள் மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் வேலை பெரிய கேட்டில். அதிகாரிகளின் கார் வந்தால் விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். வலது கை நெற்றிக்குப் போகும். போனவுடன் இடது தோளின் வார் நழுவி முழங்கைக்கு வந்துவிடும். இடது கை அவளைக் கேட்காமலே தோளுக்குப் போய் அதை இழுத்துவிடும். பாதுகாப்பு அதிகாரி ஜம்புலிங்கம் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். ஒரு சல்யூட்டில் இரண்டு கை அசைவதை அவர் பீரங்கிச் சத்தத்திலும் பார்த்ததில்லை. முதல் மெமோ வந்தது.

கஸ்தூரி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்: ‘ஐயா, பாடி சரியில்லை. அதனால் கை போய்விட்டது. மன்னிக்கவும்.’

பாடி சரியில்லை என்றால் காவலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜம்புலிங்கம் அனுப்பினார். தொழிற்சாலை டாக்டர் நாடி பார்த்தார், ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கஸ்தூரி தயங்கித் தயங்கி, அது அந்தப் பாடி இல்லை, ஸ்டோர்ஸில் கொடுத்த பாடி என்றாள். டாக்டர் சுவரிலிருந்த காலண்டரை வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு மார்பளவு எடுக்கச் சொன்னார். அங்கே இருந்த படிவம் ஆண்களைப் படைக்கு எடுக்கும்போது பயன்படுத்துவது. அதில் இரண்டு கட்டம்தான். மூச்சு விட்ட நிலையில் எண்பது. மூச்சு இழுத்த நிலையில் எண்பத்தைந்து.

அறிக்கையைப் படித்த ரகுநாதனுக்கு நெஞ்சு லேசாயிற்று. மேற்படி காவலர் மூச்சை இழுத்த நிலையில் மேற்படி இனம் பொருந்துவது மருத்துவ ரீதியாக நிரூபணமாகியுள்ளதால், சல்யூட் அடிக்கும் வேளையில் அந்நிலையைக் கடைப்பிடிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது என்று பதில் அனுப்பினார்.

கஸ்தூரி கடைப்பிடித்தாள். ஒரு கார், இரண்டு கார் என்றால் சமாளிக்க முடிந்தது. வியாழக்கிழமை டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. வரிசையாக ஏழு கார்கள். ஐந்தாவது காரில் அவளுக்குக் கண் இருட்டியது. ஏழாவது கார் உள்ளே போனபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், வலது கையை மட்டும் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. பணியில் அமர்ந்திருந்ததற்காக இரண்டாவது மெமோ.

அன்று சாயங்காலம் அவள் பஸ் ஏறிப் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் பலகை போட்டு உள்பாவாடை, பாடி விற்கும் பொன்னியம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். முப்பத்துநாலு வேண்டாம், பெரிதோ சின்னதோ வேறு எதையாவது கொடு என்று கேட்டாள். பொன்னியம்மா எதையும் எடுக்கவில்லை. அவளைத் திரும்பி நிற்கச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள்.

“சைஸு முப்பத்திநாலுதான் கண்ணு. சைஸுல ஒண்ணியும் தப்பில்ல. உனுக்கு நெஞ்சுக்கூடு அகலம், தோளு சரிவு, மாரு ரெண்டும் தள்ளித் தள்ளிக் கீது. கவர்மெண்டு குடுத்தது கூம்பா கிட்டக் கிட்ட கீறவளுக்குத் தெச்சது. மேல காலியா நிக்கும், வாரு நிக்காது. அளவு வேற, வாகு வேற.”

பலகைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வார் உள்பக்கமாகத் தள்ளித் தைத்தது. மறுநாள் கஸ்தூரி அடித்த சல்யூட்டில் இடது கை கல்லில் செதுக்கியதுபோல இருந்தது. ஜம்புலிங்கம் தலையசைத்தார். தன் மெமோக்களின் பலன் என்று அவர் நினைத்ததில் குற்றமில்லை.

ஆனால் மாசக் கடைசியில் சீருடைச் சோதனை வந்தது. காவலர்கள் தங்களுக்குக் கொடுத்த பொருள்களைப் பெஞ்சில் பரப்பிவைக்க வேண்டும். கஸ்தூரியின் மூன்று உருப்படிகளும் மடிப்புக் கலையாமல் புத்தம்புதிதாக இருந்தன. அரசாங்கம் கொடுத்த பொருள் ஏன் தேயவில்லை என்று ஜம்புலிங்கம் கேட்டார். அப்படியானால் பணி நேரத்தில் அனுமதியில்லாத பொருள் ஒன்று உபயோகத்தில் இருக்கிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். மூன்றாவது மெமோவுக்குத் தாள் எடுக்கச் சொன்னார்.

 சென்னீர்குப்பத்தில் பந்தலுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். கஸ்தூரி ஓட்டமும் நடையுமாக ஸ்டோர்ஸுக்குப் போய் ரகுநாதனின் மேஜைமுன் நின்று, வெட்கத்தை விட்டுப் பொன்னியம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ரகுநாதன் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த முருகன் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“பொருள் பரிசோதனையில பாஸானது. அது தெரியுமாம்மா உங்களுக்கு?”

“தெரியும் சார்.”

“பாஸான பொருள்ல குறை இருக்க முடியாது. டாக்டர் ரிப்போர்ட்படி உங்க உடம்பிலயும் குறையில்ல. அப்ப குறை எங்கேதான் இருக்கு?”

“குறையே இல்ல சார். பொருந்தல, அவ்வளவுதான்.”

ரகுநாதன் நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அப்போதுதான் கைகொடுத்தது. ஓர் உதிரிபாகம் வரைபடத்துக்குச் சற்று மாறி வந்துவிட்டால், அதைத் தூக்கிப் போடாமல் ‘விலகல் அனுமதி’ கொடுத்து உபயோகிப்பது தொழிற்சாலை வழக்கம். இங்கே வரைபடம் சரி, உருப்படி சரி. ஆகவே விலகியிருப்பது கஸ்தூரி. அன்றே ‘மார்பு விலகல் சான்றிதழ்’ தயாராயிற்று. மேற்படி காவலரின் மார்பு அங்கீகரிக்கப்பட்ட விவரக்குறிப்பிலிருந்து விலகியிருப்பது கவனிக்கப்பட்டு, கருணையின் அடிப்படையில் மன்னிக்கப்படுகிறது. அவர் சொந்தமாக உள்ளாடை அணியலாம். ஜம்புலிங்கம் அதைப் பார்த்ததும் மெமோத் தாளைக் கிழித்துவிட்டார். எழுத்தில் இருந்தால் அவருக்கு எதுவும் சம்மதம்.

செய்தி பரவி மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்திக்கு அடிப்பாகம் கனம், ஒருத்திக்கு மேலே தட்டை, ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒரே வாரத்தில் பதினேழு சான்றிதழ்கள். மிச்சமிருந்தவள் தாயம்மா ஒருத்திதான். கடைசியாகச் சேர்ந்த சின்னப் பெண். அவளுக்கு மட்டும் அரசாங்க உருப்படி அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வரைபடத்துக்கு முழுமையாக உட்பட்ட ஒரே காவலர் என்று அவளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். தாயம்மா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாள்.

ஒரு பொருளுக்குப் பாதிக்கு மேல் விலகல் அனுமதி போனால் வரைபடத்தையே திருத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. மறுபடி குழு கூடியது. இந்தத் தடவை மகளிர் பிரதிநிதியாகக் கஸ்தூரியையும் சேர்த்தார்கள். அவளுக்குக் குஷன் நாற்காலி போட்டார்கள், பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். ஆளாளுக்கு வாகு வேறு என்று அவள் விளக்கியதை நால்வரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மிகவும் அருமையான கருத்து என்றார் ரகுநாதன். படிவத்தில் ‘வாகு’ என்று புதிதாக ஒரு கட்டமே சேர்த்தார்கள். பிறகு பதினேழு பேரின் அளவையும் வாகையும் கூட்டி, பதினேழால் வகுத்தார்கள்.

வந்த விடை பதினேழு பேரில் ஒருத்திக்கும் ஒட்டாது என்று கஸ்தூரிக்குப் பார்த்ததும் தெரிந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஏற்கெனவே நான்கு கையெழுத்து விழுந்திருந்தது. அவளுடைய வேலை நிரந்தர ஆணை இந்தக் கோப்புக்கு அடுத்தபடியாக, ஸ்டோர்ஸ் பாக்கி இல்லை என்ற கையெழுத்துக்காக, ரகுநாதனின் மேஜைத் தட்டில் இருந்தது. ஐந்தாவது கையெழுத்தை அவள் அழகாகப் போட்டாள்.

ஆணை வந்தது, தாலி ஏறியது. அடுத்த வருஷம் கஸ்தூரி மூத்த காவலரானாள். அவளுக்குத் தனி மேஜை வந்தது. புது வரைபடப்படி புது உருப்படிகளும் வந்து இறங்கின. பதினேழு பேரிடமும் சான்றிதழ் இருந்ததால் அவரவர் பூந்தமல்லியில் வாங்கியதையே போட்டுக்கொண்டார்கள். சான்றிதழ் இல்லாத தாயம்மாவுக்கு மட்டும் புதியது வழங்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்துத் தாயம்மா கஸ்தூரியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, புச்சு தொளதொளன்னு கீது. பழசே குடுக்கச் சொல்லுக்கா. அது எனுக்கு நல்லாத்தான இருந்துச்சி.”

“பழசு ரத்தாயிடுச்சு தாயம்மா. இது பெண்களைக் கலந்து பேசி முடிவு பண்ணது. இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார்கூட வரல.”

“போட்டுகினு கீறவளே நான் ஒருத்திதானேக்கா.”

கஸ்தூரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

“அப்ப இது உன்னோட தனிப்பட்ட பிரச்சினை” என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். “எழுதிக் குடு, குழுவுல வைக்கிறேன். ரெண்டு காப்பி.”