நான் டிசைன் செய்த டேங்க் ஸ்டேண்ட்

பெரிதாக இருப்பதெல்லாம் பலமாகத்தான் இருக்கும் என்று பலர் சும்மா நம்புகிறார்கள். நான் கணக்குப் போட்டு நம்பினேன். என் தலையெழுத்து அப்படி.

அப்போது நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர். கூடப் படித்த மஞ்சுநாத்தைக் காதலித்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் என் முகம் பார்த்துப் பேசாத அப்பா ஒருவழியாக இறங்கிவந்து, ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவன் வீட்டாரைப் பூ வைக்க வரச் சொல்லியிருந்தார். இது கெட்டால் மறுபடியும் இறங்கிவர மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வருகிறவர்களுக்குத் தண்ணீர் போதாது என்று மொட்டை மாடியில் இரண்டாயிரம் லிட்டர் டேங்க் வைப்பதாக முடிவானது. அதைத் தாங்கும் ஸ்டேண்டுக்கு அப்பா இரண்டு அங்குலச் சதுரக் குழாயை, தடிமனாகப் பார்த்து எடுத்தார். நான் விடுவேனா?

"அப்பா, அதே எடைல நாலு இஞ்ச் பைப் வருது. அகலம் கூடினா சுலபமா வளையாது. ஃபார்முலாவே அப்படித்தான்."

"தகடு அப்பளமாட்டம் இருக்கேம்மா?"

"எஞ்சினியர் நீங்களா, நானா?" (இதை நினைத்தால் இன்றும் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.)

ஃபார்முலா பொய் சொல்லவில்லை. ஆனால் தகடு ரொம்ப மெலிதானால், குழாய் முழுசாக வளைவதற்கு முன்பே தகடு மட்டும் குழிந்து மடங்கிவிடும். அது அடுத்த பாடம். பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் பாதித் தண்ணீரோடு ஸ்டேண்ட் ராஜா மாதிரி நின்றது. விசேஷத்தன்று காலை அப்பா டேங்கை விளிம்பு வரை நிரப்பினார்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பாதி கன்னடம் பாதி தமிழில் பேசும் மஞ்சுநாத்தின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏனு கெலசம்மா? என்ன வேல பாக்கறே?" என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். "கட்டடத்துக்கு இரும்பு கணக்கு போடறா. மாடில இருக்கற டேங்க் ஸ்டேண்ட்கூட இவ டிசைன்தான்!"

டமார்! (சத்தியமாக, நான் கூட்டிச் சொல்லவில்லை.)

காலி டப்பாவை மிதித்ததுபோல் குறுக்குக் குழாய்கள் நசுங்கி, டேங்க் சாய்ந்து, அத்தனை தண்ணீரும் படிக்கட்டு வழியாகக் கூடத்துக்குள் வந்தது. பூத்தட்டு மிதந்தது. வாசலில் விட்டிருந்த சம்பந்தி வீட்டுச் செருப்புகள் தெருவோடு போயின. போச்சு, எல்லாம் போச்சு என்று பட்டுப்புடவையோடு படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.  

மஞ்சுநாத்தின் அம்மாதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். "அளபேடம்மா, அழாதே. டேங்க்தானே போச்சு?" ஈரப் பூவைத்தான் என் தலையில் வைத்தார்.

இப்போது நான் மேம்பாலங்களுக்கு இரும்பு கணக்குப் போடுகிறேன். என் கணக்கை நம்பி லாரிகள் ஓடுகின்றன. ஆனால் ஆஸ்டின் டவுனில் மாமியார் வீட்டு மொட்டை மாடியில் டேங்க் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே எங்கள் போர்ஷன். உயரம் போதாததால் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். வாளி நிரம்புவதற்குள் ஆபீஸ் பஸ் போய்விடும்.

"அத்தே, சின்னதா ஒரு ஸ்டேண்ட். தடிமனான இரும்புதான்" என்று இந்த வாரமும் கெஞ்சினேன்.

"பேடம்மா, வேணாம்" என்றார் அத்தை.

மஞ்சுநாத் எழுந்து போய், வாசலில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தான்.