பூட்டு எத்தனை விநாடி?

மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் உள்ள அத்தனை கால்பந்து மைதானங்களிலும், ஓடாமலேயே பேர் வாங்கியவர் ஒருவர்தான். அவர் பெயர் பூட்டு. ஞானஸ்நானத்தின்போது வேறு பெயர் வைத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் தபால்காரரே 'பூட்டு, பஞ்சர் கடை' என்று கேட்டுத்தான் கடிதம் கொடுக்கிறார். நான் இந்தப் பகுதிக்குக் குடிவந்த பதினோரு வருஷத்தில் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார், இன்னொருவர் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண். அந்தப் பெண் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் காலனி அணியில் அவர் டிஃபென்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். அவர் நிற்கிற பக்கமாக எவனும் பந்தைக் கொண்டுபோக முடியாது என்பதால் வந்த பெயர்தான் பூட்டு. வயது ஐம்பத்தொன்று. வலது காலில் ஆணி வைத்த கால்பந்து பூட்ஸ். இடது காலில் ரப்பர் செருப்பு, சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துக் கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால், வலது கால் உதைக்க, இடது கால் நிற்க என்பார். நிற்கிற காலுக்கு எதற்கு பூட்ஸ் என்ற அவருடைய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன் பந்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார். ஒருமுறை காற்று போதாது என்று சொல்லிப் பந்தைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபத்தொரு ஆட்டக்காரர்களும் நடுவரும் நானும் பத்தொன்பது நிமிஷம் வெயிலில் காத்திருந்தோம். நான் குடை வைத்திருந்தேன். எப்போதும் வைத்திருப்பேன். கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி தள்ளித்தான் நிற்பேன், மூக்குக்கண்ணாடியில் பந்து படக்கூடாது பாருங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட்டு செய்கிற கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன். ஓய்வு பெற்ற அன்று ஸ்டாப்வாட்ச் ஒன்று கொடுத்தார்கள். எண்ணுகிற கை சும்மா இருக்காது. என் வீட்டு வாசலிலிருந்து மைதானம் நானூற்று முப்பத்தொரு தப்படி. மழைக்காலத்தில் பள்ளங்களைச் சுற்றிப் போவதால் நானூற்று அறுபத்தெட்டு. அந்த வாட்ச்சை வைத்துக்கொண்டு நான் கண்டுபிடித்தது இதுதான். நடுக்கோட்டிலிருந்து பெனால்டி கட்டம் வரை பந்தோடு ஓடிவர ஒரு பையனுக்கு ஆறு விநாடி போதும். அதே பையன் பூட்டு நிற்கிற பக்கமாக வந்தால் ஒன்பது விநாடி ஆகிறது. பதினான்கு தடவை அளந்தேன். பதினான்கு தடவையும் அதே கணக்குத்தான்.

காரணம் எளிது. பூட்டு பேசுவார். பந்தோடு ஒருவன் பாய்ந்து வரும்போது, "இன்னாபா, நைனாக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சே, இப்ப பேப்பர் படிக்கிறாரா?" என்று விசாரிப்பார். பஞ்சர் ஒட்டிக் காய்கிற நேரத்தில் குடும்பக் கதை சொல்லாத ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை. அதனால் எவன் வீட்டில் என்ன என்பது அவருக்குத் தெரியும். பெரியவர் அப்பாவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் போவது எப்படி? பையன் வேகத்தைக் குறைத்து, "படிக்கிறாருண்ணா" என்பான். அதற்குள் பந்து பூட்டிடம் இருக்கும்.

ஆவடி அணியோடு நடந்த ஆட்டத்தில் அவர்களுடைய முன்வரிசைக்காரனிடம் தங்கை கல்யாணம் என்னாயிற்று என்று கேட்டுவிட்டார். அவன் ஆட்டத்தை மறந்து, வந்த வரன்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நாங்கள் இரண்டு கோல் போட்டோம். அடுத்த மாதமே பூட்டு கரையான்சாவடியில் நல்ல இடமாகப் பார்த்து முடித்துக்கொடுத்தார். கல்யாணத்தில் எங்கள் பதினோரு பேருக்கும் தோற்ற அணிதான் பரிமாறியது.

இப்படிப்பட்டவரின் வேகம் குறைந்துவிட்டதா என்ற விவகாரம் போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் கிளம்பியது. ஞாயிறு பூசை முடிந்ததும் மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் கூடுவார்கள். குறைந்துவிட்டது என்ற கட்சிக்குத் தலைவன் லாரன்ஸ், எங்கள் அணியின் கேப்டன், ஐ.டி. கம்பெனியில் வேலை. குறையவே இல்லை என்ற கட்சிக்குத் தலைவர் தையல்கடை ஜோசப். மூன்றாவதாக ஒரு சிறு கட்சியும் இருந்தது. மைதானம்தான் நீளமாகிவிட்டது என்பது அவர்கள் கருத்து. நான் அளந்து சொன்னேன், நம்பவில்லை.

"பூட்டுக்கு ஸ்பீடு கொறைஞ்சிட்ச்சின்றதுக்கு இன்னாடா ஆதாரம்?" என்று ஜோசப் கேட்பார்.

"கொறையறதுக்கு அது எப்பண்ணா இருந்துச்சு?" என்பான் லாரன்ஸ்.

பூட்டின் கடை டீக்கடைக்குப் பக்கத்திலேயே, ஒன்பது தப்படி. அத்தனையும் அவர் காதில் விழும். ட்யூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: "பந்து இங்கதான் வரப்போவுது. நான் எதுக்கு அங்க போவணும்?"

திருவிழா ஆட்டம் எப்போதும் காலனிக்கும் பின்னால் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்கும்தான். ஜெயித்தவர்களுக்குப் பரிசு ஒரு அண்டா. நூறு பேருக்குப் பிரியாணி வேகும் அண்டா. ஒரு வருஷம் அதை வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் குடியிருப்பில் கார்த்தி என்றொரு பையன் புதிதாக வந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கம். பயிற்சி ஆட்டத்தில் அவன் வந்தபோது பூட்டு வழக்கம்போல் நைனா எப்படிக் கீறார் என்று கேட்டார். அவனுடைய நைனா யாரென்று பூட்டுக்குத் தெரியாது, பூட்டு யாரென்று அவனுக்குத் தெரியாது. அவன் நிற்கவில்லை. நான்கரை விநாடி.

லாரன்ஸ் அன்றே முடிவெடுத்தான். திருவிழாவன்று, ஆட்டத்துக்கு முன்னால், பூட்டு இந்த கோலிலிருந்து அந்த கோல் வரை ஓட வேண்டும். இருபது விநாடிக்குள் வந்தால் ஆடலாம். வராவிட்டால் கோட்டோரம் நின்று கொடி பிடிக்க வேண்டும். நேரம் பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் காலனியில் இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் என் ஸ்டாப்வாட்ச்தான்.

முந்தைய நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் என் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பார்ப்பது வழக்கம். பூட்டு சிபாரிசு கேட்பாரோ என்று எனக்கு வழியெல்லாம் கவலை. அவர் கேட்கவில்லை.

"கொடி புடிச்சிகினு கோட்டு மேல நிக்கணும் சார். எவன்கிட்டயும் ஒரு வார்த்தை பேச முடியாது. அதுக்கு நான் ஊட்லயே கெடந்துடுவேன்" என்றார், அவ்வளவுதான். பிறகு என் பின் டயரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், அதற்குள் வேறு ஆள் வந்துவிட, விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஏழே முக்கால். வேடிக்கை பார்க்க இருபத்தாறு பேர். நான் முடிவுக் கோட்டில் நின்றேன். வாட்ச்சின் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அந்த மனிதரின் இருபத்திரண்டு வருஷம் என் கட்டைவிரலில் இருந்தது.

பூட்டு ஓடினார். அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலில் டக்கென்றும் மறு காலில் சப்பென்றும் சத்தம் வந்தது. பாதி மைதானம் வரும்போது பத்து விநாடி. முக்கால் மைதானத்தில் பதினைந்தரை. ஜோசப் கட்சி கண்ணை மூடிக்கொண்டது. எனக்குப் பத்தடி தூரத்தில் வந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே பூட்டு கேட்டார்:

"சார், உன் வண்டி பின் டயரு நாலு மாசமா ஒத்த ஆள் வெயிட்டுதான் காட்டுது. அம்மா ஊர்ல இல்லியா?"

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் திருடன் வருவான் என்று எனக்குப் பயம். அப்படி நூற்றுப் பதினெட்டு நாள் மூடி வைத்திருந்ததை, இருபத்தாறு பேர் முன்னால் நான் சொன்னேன். மனைவி புனேயில் இருக்கிறாள், மகளுக்கு இரண்டாவது பிரசவம், குழந்தை இராத்திரியெல்லாம் அழுகிறதாம், இப்போதைக்கு வரமாட்டாள், எனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தேன். வாட்ச் நாற்பத்தொரு விநாடி காட்டியது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டு என் பக்கத்தில் நின்று, இடுப்பில் கைவைத்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினி செகண்ட் சார்?" என்றான் லாரன்ஸ்.

"தெரியவில்லை" என்றேன். முப்பத்து நாலு வருஷப் பணிக்காலத்தில் நான் சொல்லாத வார்த்தை.

பதினேழு என்றது ஜோசப் கட்சி. இருபத்து மூன்று என்றது லாரன்ஸ் கட்சி. கை தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. மறுபடி ஓடச் சொல்லலாம் என்றால் செருப்புக் கட்டியிருந்த ட்யூப் அறுந்துவிட்டது. லாரன்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில், "ஆடட்டும். ரெண்டு கோல் வாங்குனா அங்கயே கொடி" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகுதான் பூட்டு கடையிலிருந்து வேறு ட்யூப் கொண்டுவந்து கட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது நிமிஷத்தில் முதல் கோல். கார்த்தி பூட்டைத் தாண்டிப் போன விதம், மூடிய கடையைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. லாரன்ஸ் கொடியைக் கொண்டுவந்து கோட்டோரம் நட்டு வைத்தான், பூட்டுக்குத் தெரியட்டும் என்று.

இடைவேளையில் மற்றவர்கள் ஆரஞ்சுச் சுளை தின்றார்கள். பூட்டு மட்டும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய், புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மகன் ஆடுவதைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து அன்று காலை பஸ்ஸில் வந்திறங்கிய கார்த்தியின் அம்மா. பூட்டு அங்கிருந்து டீக்கடைக்குப் போனார், திரும்ப அந்த அம்மாவிடம் வந்தார். விசில் ஊதி ஒரு நிமிஷம் கழித்துத்தான் மைதானத்துக்குள் நுழைந்தார்.

இரண்டாம் பாதியில் கார்த்தி மறுபடியும் வந்தான். எதிரே பூட்டு மட்டும். அவருக்குப் பின்னால் கோல், பக்கத்தில் கொடி.

"தம்பி, அம்மா பஸ்ஸ வுட்டு எறங்குனதுலேந்து ஒண்ணுமே சாப்புடல. நீ கேட்டியா?"

கார்த்தி நின்றுவிட்டான். "சாப்டுட்டேன்னுல்லா சொன்னா?" என்று புங்கமரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

பந்தைப் பூட்டு பூட்ஸ் காலால்கூடத் தொடவில்லை. செருப்புக் காலால் லாரன்ஸுக்குத் தள்ளிவிட்டார். பதினோரு விநாடியில் லாரன்ஸ் கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று, ஆட்டம் சமன். அண்டா ஆறு மாதம் எங்களிடம், ஆறு மாதம் அவர்களிடம்.

லாரன்ஸ் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். "அண்ணாத்தே, இன்னா டிரிக்குண்ணா இது."

பூட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா டிரிக்கு? அந்தம்மா பசியாக் கீதுடா" என்றார். புங்கமரத்தடியில் அந்த அம்மா டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் இன்னும் இரண்டு பன். கார்த்தி பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

அப்போதுதான் நான் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில், ஆட்டம் முடிந்ததும் பூட்டு அந்தந்தப் பையனைத் தேடிப்போய் விட்ட இடத்திலிருந்து விசாரிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எதிரி அணியின் யுக்தியைத் தெரிந்துகொள்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தக் கண் ஆபரேசன் கதையைக்கூட அவர் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அளந்ததெல்லாம் சரி, ஒன்பது விநாடிக்குப் பிறகு நடந்ததை நான் அளக்கவில்லை.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு என் வீட்டு மணி அடித்தது. திருடன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பூட்டு நின்றிருந்தார், கையில் நாலு அடுக்கு டிபன் கேரியர். ஒன்றில் சோறு, ஒன்றில் வஞ்சிரக் குழம்பு, ஒன்றில் பொரியல், ஒன்றில் முட்டை. "ரசம் வேற வெச்சிக்கோ சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

என் மனைவி இன்னும் திரும்பவில்லை. இந்த வருஷத் திருவிழா நெருங்குகிறது. டீக்கடையில் அதே விவகாரம் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. பூட்டுக்கு வேகம் குறைந்துவிட்டதா இல்லையா, அன்றைக்கு உண்மையில் எத்தனை விநாடி என்று இரண்டு கட்சியும் என்னைத்தான் கேட்கின்றன. எனக்குத் தெரியாது. பூட்டின் வீட்டிலிருந்து என் வீடு எழுநூற்று நாற்பத்து மூன்று தப்படி. அத்தனை தூரமும் நடந்துதான் வருகிறார். குழம்பு இதுவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆறியிருந்ததில்லை.