ஒரு குமிழும் மூன்று எண்களும் சமநீதியும்

மனித குலம் கண்ட ஆட்சிமுறைகளில் துணைக்குழுவுக்கு இணையானது இன்னும் பிறக்கவில்லை. மன்னர் தவறு செய்தால் மன்னரைத் திட்டலாம். துணைக்குழு தவறு செய்தால் யாரைத் திட்டுவது? அங்கேதான் அதன் மகிமை. கூராபின் ஊரின் புல்தரைப் பந்துருட்டும் கிளப்பில் புல்லுக்கு ஒரு துணைக்குழு, புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஒன்று, அந்த இரண்டுக்கும் நடுவே மூளும் சண்டையைத் தீர்க்க இன்னொன்று.

ரோவினா டிக்னரின் கிடார் ஆம்ப்ளிஃபயரை முன்னிட்டு நான்காவது பிறந்தது. வெள்ளிக்கிழமை மாலை, ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைக்கும் சீட்டுக் குலுக்கலின்போது அவள் இசைக்குழு வாசிக்கப் போகிறது. நன்றாக அமைந்தால் கோடை முழுக்க வெள்ளிக்கிழமைகள் அவளுக்கு. சொதப்பினால் கரோக்கி இயந்திரத்துக்கு. அவளிடம் இருந்தது கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஒரே ஒரு பழைய ஆம்ப். அதைப் புருஷனைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். புருஷனே இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆம்பின் முதுகில் ஒரு குமிழ், அதைச் சுற்றி 4, 8, 16 என்று எண்கள். ஸ்பீக்கர் பெட்டிகளின் மின்தடை எத்தனை ஓமோ, அந்த எண்ணில் குமிழை நிறுத்த வேண்டும். பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம் மாதிரிதான் இதுவும். முதலில் சூடு, அப்புறம் புகை. கிளப்பிடம் எட்டு ஓம் பெட்டிகள் இரண்டு இருந்தன. துணைக்குழுவினர் ‘ஓம்’ என்பதை மந்திரம்போல் பயபக்தியோடு உச்சரித்தார்கள்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா நாலுல வைக்கணும்,” என்றாள் ரோவினா.

“எட்டும் எட்டும் பதினாறு,” என்றார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கோரல் ஃபிஞ்ச். “நான் உனக்கு ஒழுங்காத்தானேடி சொல்லிக் குடுத்தேன்?”

“இங்க கூட்டக்கூடாது, கோரல். ஹால்ல ரெண்டாவது கதவையும் திறந்துவிட்டா நெரிசல் பாதியாகுமா, ரெண்டு மடங்காகுமா?”

“எந்தக் கதவு? சமையல்கட்டுக் கதவு திறக்கவே திறக்காதே.”

தலைவர் டெஸ் ஹாக்கின்ஸ் மேசையைத் தட்டினார். “பெட்டியில எட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அப்புறம் என்ன பேச்சு?”

மூன்று எண்கள், மூன்று கட்சிகள். டெஸ் எழுந்து நின்றார். “இந்த நாட்டுல எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் சுற்று நாலுக்கு, ரெண்டாவது எட்டுக்கு, மூணாவது பதினாறுக்கு. யார் மனசும் நோகாது.”

“என் ஆம்ப் நோகுமே, டெஸ்!”

“அதுக்கு ஓட்டு கிடையாதும்மா. பெட்டி கிளப்போடது. தீர்மானம் பிடிக்கலைன்னா பெட்டியில்லாம வாசி.”

தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது. ரோவினாவின் எதிர்ப்பு, ‘உணர்ச்சிவசப்பட்ட ஆதரவு’ என்று பதிவானது.

வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் குமிழ் நாலில் நின்றது. கிளப்பே ஆடியது, தட்டில் இருந்த ஆட்டுத் தொடைகூட ஆடியது. இரண்டாவது சுற்று எட்டில். “சளி பிடிச்சாப்ல கேக்குது,” என்றார் கோரல். “சமரசம்னா அப்படித்தான்,” என்றார் டெஸ்.

மூன்றாவது சுற்றுக்கு ரோவினா ஆம்பை ஆஃப் செய்து, கண்ணை மூடிக்கொண்டு குமிழைப் பதினாறுக்குத் திருப்பினாள். இரண்டாவது பாட்டிலேயே வால்வுகள் உள்ளே செக்கச்செவேலென்று பழுத்தன. ஓடிப்போய் அணைப்பதற்குள் ‘டப்’. பிறகு கருகல் நாற்றம்.

“புகை பிரமாதம்!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கைதட்டினார்.

டெஸ் மைக்கைப் பிடித்தார். “மூணு எண்ணுக்கும் பாரபட்சமில்லாம வாய்ப்புக் கொடுத்தோம். ஆம்ப்தான் ஒத்துழைக்கல. அடுத்த வாரத்துலேருந்து கரோக்கி.” எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை காலம் கூடவே வந்ததை இப்படித் தன் கையாலேயே கொளுத்திவிட்டோமே என்று ரோவினா தன்னையே திட்டிக்கொண்டாள்.

செத்த ஆம்பை வண்டியில் ஏற்றும்போது டெஸ் வந்து சேர்ந்தார். நான்கைந்து பியர் உள்ளே போயிருந்தது.

“ரோவினா, என்னை வீட்டுல இறக்கிவிட்டுர்றியாம்மா?”

“ஏறு.” கிளப் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். எதிரே மரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. “சொல்லு டெஸ். முதல்ல ரோட்டோட இடது பக்கம் கொஞ்ச தூரம், அப்புறம் நடுவுல, அப்புறம் வலது பக்கம். எல்லாத்துக்கும் ஒரு வாய்ப்புக் குடுத்துரலாமா?”

“அடியே, இடது பக்கம்! இடது பக்கமே போ!” என்று கதவைப் பிடித்துக்கொண்டு அலறினார் டெஸ்.

துணைக்குழுவைக் கூட்டாமல் தலைவர் எடுத்த முதல் முடிவு அது. தன் உயிர் என்றால் எது சரி என்பது அவருக்கு உடனே தெரிந்தது. அடுத்தவள் பொருள் என்றால்தான் ஓட்டெடுப்பு தேவைப்பட்டது.