பெயரில்லாப் பலகையில் என் கையெழுத்து

பெயரைப் போடாமல் மனத்தில் இருப்பதை எழுதுங்கள் என்று சொன்னால், மனிதர்கள் நாட்டுக்கு நல்லதாகத்தான் எழுதுவார்கள் என்று நம்பிய ஒரே ஆள் அந்தக் காலத்துக் காரைக்காலில் நான்தான். இந்த நம்பிக்கைக்காக என்னைக் கல்லூரியை விட்டே அனுப்பப் பார்த்தார்கள். அனுப்பப் பார்த்ததில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வரிச்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார். கூரை மேய.) அதனால் உலகத்தைத் திருத்துகிற பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டதாக ஓர் எண்ணம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதாது.

கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு அந்த வருடம் நான் செயலாளர். யாரும் போட்டியிடவில்லை. மாணவர் தேர்தல் முடிந்து நூலக மூலையில் தகர வாக்குப்பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் யோசனை பிறந்தது. மாணவர்கள் பெயரில்லாமல் சீட்டு எழுதி இதில் போடட்டும். நான் எடுத்து மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். தமிழய்யாவிடம் போய் அனுமதி கேட்டேன்.

"நல்லாப் பண்ணுப்பா. ஆனா எங்கயும் என் பேரைச் சொல்லிடாத" என்றார். பெயரில்லாப் பலகையின் முதல் உறுப்பினர் அவர்தான்.

பதினொரு விதிகள் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். முதல் விதி: எழுதியவர் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியிடப்படாது. நான்காம் விதி: கொச்சைச் சொல் கூடாது. ஏழாம் விதி: முகத்துதி கூடாது. பதினொன்று: செயலாளர் முடிவே இறுதியானது. (பதினொன்றை எழுதும்போது எனக்குள் ஏற்பட்ட பூரிப்பு, பிறகு அரசு வேலைக்கு உத்தரவு வந்தபோதுகூட ஏற்படவில்லை.)

முதல் வாரம் மூன்று சீட்டு விழுந்தது. அதில் ஒன்று, 'இந்தப் பெட்டி எதற்கு?' என்று கேட்டது. மூன்றையும் அப்படியே ஒட்டினேன். மத்தியானத்துக்குள் ஒரு சீட்டின் சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் 'ற' போட்டால் வால் தரையைத் தொடும். நாள் முழுக்க அவனை "வாலு, வாலு" என்று ஓட்டியதில், இரண்டு நாள் கல்லூரிப் பக்கமே அவன் வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்த மகத்தான முடிவை எடுத்தேன். இனி எல்லாச் சீட்டையும் என் கையெழுத்தில் பெயர்த்து எழுதி ஒட்டுவது. அசல் சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் அடுப்பில் போட்டுவிடுவது. ரகசியமும் காப்பாற்றப்படும், சோறும் வேகும்.

இதில் உள்ள ஓட்டை ஏன் எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் நான்தான் எழுதுவேன். கொம்யூன் பஞ்சாயத்துக்கு விளக்குக் கம்பம் கேட்டு, தாசில்தாருக்குப் பட்டா கேட்டு, ஓடிப்போன மாட்டைத் தேடித் தரச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு என்று எல்லாம் என் கையெழுத்துதான். எழுத்து என்னுடையது, பேச்சு அவரவருடையது. இதில் யாருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. பெண்கள் ஓய்வறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு சீட்டு வந்தது. ஒட்டிய நான்காம் நாள் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அதற்கு முன் ஒன்றரை வருடம் யாரும் வாய்திறந்து கேட்க முடியாமல் இருந்த விஷயம் அது. மீனவர் ஊரான திருவேட்டக்குடியிலிருந்து வருகிற ஒருவன், 'பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் மூக்கைப் பொத்துகிறவர்களே, மத்தியானம் மீன் குழம்பு ஊற்றும்போது எந்தக் கையால் பொத்துவீர்கள்?' என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டுப் பலகை முன்னால் பத்துப் பேர் பேசாமல் நின்றதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இதோடு நின்றிருந்தால் தேவலை. சீட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. 'நீலக் குடையே, உன்னைப் பார்த்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை' என்று ஒன்று. மறுவாரம், 'நீலக் குடையைப் பார்க்கிறவனே, தரையைப் பார்த்து நட, சாக்கடை இருக்கிறது' என்று பதில். இரண்டையும் என் முத்தான கையெழுத்தில் அடுத்தடுத்து ஒட்டினேன்.

பிறகு அந்தச் சீட்டு வந்தது. மூன்றே சொல். 'முதல்வர் ஒரு கழுதை.'

நான்காம் விதிப்படி கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் மாணவர் குரலை மறைப்பது முறையா? அரைமணி நேரம் யோசித்து அதை நாகரிகப்படுத்தினேன். 'நம் முதல்வர் அவர்கள், சுமை தாங்குவதில் புகழ்பெற்றதும் நீண்ட செவிகளை உடையதுமான ஓர் உயிரினத்தை நினைவூட்டுகிறார்.' எழுதி முடித்து, கொச்சை போய்விட்டது என்று பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் பலகையிலிருந்து பிய்த்த தாள்கள் ஒரு கட்டு. பக்கத்தில் உதவித்தொகைக்கு நான் கொடுத்த விண்ணப்பம்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுங்கய்யா."

"இது?"

"அதுவும் என்னுதுதாங்கய்யா."

"அப்ப எல்லாம் நீ எழுதினது."

"எழுதினது நான்தாங்கய்யா. எழுதினவங்க வேற."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயே குடையைப் பார்த்துக் கவிதை எழுதற. நீயே உன்னைத் திட்டிப் பதில் எழுதற. வீட்ல இது தெரியுமா? வைத்தியம் ஏதாவது பார்க்கறாங்களா?"

"ஐயா, சீட்டு எழுதுனவங்க..."

"அசல் சீட்டு எங்க?"

"அடுப்புலங்கய்யா."

"சரி. யார் யார் எழுதினாங்கன்னு சொல்லு. உன்னை விட்டுடறேன்."

சிலரை எனக்குத் தெரியும். பெயர்த்து எழுதுகிறவனுக்குக் கையெழுத்து பிடிபடாமல் இருக்குமா? தாழ்ப்பாள் கேட்டது யார், மீன் குழம்பு எழுதியது யார், கழுதை யாருடையது என்று எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் விதியை நானே மசியால் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். மீறினால் அசிங்கம்.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. டி.சி. வாங்கிட்டுப் போகலாம்" என்றார்.

டி.சி. என்றால் படிப்பு அதோடு முடிந்தது. நான் வயலுக்குப் போகவேண்டியதுதான். (வயலும் என்னை ஏற்றுக்கொள்ளாது. நான் நட்ட வரிசையைப் பார்த்து அப்பா, "இதுல மாடு ஓடுனா மாதிரி இருக்குடா" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.)

மறுநாள் நடவு வேலையை விட்டுவிட்டு அப்பா வந்தார். வெளுத்த வேட்டி, அக்குளில் துண்டு. அறைக்குள் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஓரத்தில் தமிழய்யா, யாரோ இறந்த வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மேசையில் என் டி.சி., தட்டச்சு செய்து தயாராக, கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

முதல்வர் தாள்களை அப்பா பக்கம் நகர்த்தினார். "எல்லாம் உங்க பையன் கையெழுத்து. பாருங்க."

அப்பா பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் எழுத்து தெரியும். "ஆமாங்கய்யா, இவன் எழுத்துதான். ஆனா அய்யா, எங்க தெரு அஞ்சலைக்கு விதவைப் பென்சன் மனு இவன்தாங்க எழுதுனான். அதுக்காவ இவன் விதவையாயிடுவானுங்களா?"

தமிழய்யாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"மனுவில கைநாட்டு இருக்கும்" என்றார் முதல்வர். "இதுல யார் கைநாட்டு இருக்கு?"

"அப்ப படிங்க அய்யா, கேக்குறேன். எம்புள்ள பேச்சா, ஊராம்புள்ள பேச்சான்னு காதுல வுழுந்தாத் தெரியாதா?"

முதல்வர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுத் தீர்ப்பு சொன்னார். தாழ்ப்பாளுக்கு, "இது பொம்பளப் புள்ள பேச்சுங்க." மீன் குழம்புக்கு, "இவன் இவ்வளவு ரோசக்காரன் கெடயாதுங்க." நீலக் குடைக்கு, "சோறு எறங்கலயா? மூணு வேளையும் தின்னுட்டுத்தாங்க வாறான்." (இதற்கு நான் டி.சி.யையே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.) நீண்ட செவிகளுக்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். "இந்த ஒண்ணு... பேச்சு யாருதோங்க. ஆனா சுத்தி வளச்சது இவன்தான்."

முதல்வர் முகம் சிவந்தது. பேனாவை எடுத்தார். கட்டுக்குள் ஒரே ஒரு தாள் மிச்சம். கடமைக்காக அதையும் படித்தார்.

"'நம் முதல்வர் வெளியே பார்த்தால் பலாப்பழம். உள்ளே பார்த்தால் பலாச்சுளை. இப்படிக்கு, ஒரு மாணவி.'"

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இதுல நாலு வரி இருந்துச்சே?"

நான் கடமை உணர்ச்சியோடு நிமிர்ந்து நின்றேன். "ஆமாங்கய்யா. 'அவர் நடந்தால் கல்லூரியே எழுந்து நிற்கும், அவர் சிரித்தால் அரசலாற்றில் வெள்ளம் வரும்'னு இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. ஏழாவது விதிங்கய்யா. முகத்துதி கூடாது. நான்தான் வெட்டிட்டேன்."

தமிழய்யா இருமவில்லை. மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். முதல்வர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக வெகுநேரம் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தார். டி.சி.யை எடுத்து நான்காக மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"வகுப்புக்குப் போ."

"ஐயா, பலகை...?"

"இருக்கட்டும்." பூட்டைத் திருகிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "அந்த ஏழாவது விதியை மட்டும் எடுத்துடு."

வெளியே வந்ததும் வாசல் டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வகுப்புக்கு எங்கே போவது? அப்பாவோடு சேர்ந்து பஸ் ஏறினேன். பஸ் காரைக்காலைத் தாண்டியதும் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏண்டா, அது நாலு வரின்னு அவருக்கு எப்புடிடா தெரியும்?"

"அவருக்கு ஞாபக சக்தி அதிகம்ப்பா" என்றேன் நான், பி.ஏ. இரண்டாம் ஆண்டு.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கமாட்டேன். 'இதையா படிக்க அனுப்பினேன்' என்கிற பார்வை. இன்னும் இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் சிரித்தேன் பாருங்கள், முந்தின நாள் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அங்கேயே, ஓடுகிற பஸ்ஸில் இறங்கிவிட்டது. அப்பாவும் சிரித்தார். முன்சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பி, "அப்பனும் மொவனும் காலையிலயே போட்டுட்டு வாறீங்களா?" என்று கேட்டாள்.

அந்தச் சீட்டை எழுதியவர் யார் என்று கல்லூரியில் நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் விதி முதல்வருக்கும் உண்டு. ஆனால் வீட்டில் அப்பா எந்த விதிக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மனைவி வீட்டாரிடமும் சொன்னார். குழம்பு நன்றாயிருக்கிறது என்று இன்றைக்கு நான் சொன்னால், கரண்டியோடு நின்று மனைவி கேட்பாள்: "இதுல நாலு வரி இருக்கணுமே?"

என் மகள் இப்போது சென்னையில் படிக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் பெயரில்லாமல் பேசிக்கொள்ள இணையத்தில் ஏதோ ஓர் இடம் நடத்துகிறாளாம். கண்டதையும் எழுதுகிறார்கள், வேண்டாததை அழிப்பது இவள் வேலை. (ரத்தம் எங்கே போகும்?) போன வாரம் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, எவனோ பேரில்லாம எங்க பிரின்சிபாலை ஒரேயடியாப் புகழ்ந்து போட்டிருக்கான். பாதியை வெட்டிடலாம்னு பார்க்கறேன்."

"அவசரப்படாத கண்ணு" என்றேன். "மொத்தம் எத்தனை வரின்னு முதல்ல எழுதி வச்சுக்க."