எரித்ததைத் தின்னும் உரிமைச் சீட்டு

காலை ஆறு மணிக்கே டயர் கடையின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பல் டாக்டர், மூன்று டீச்சர்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்த மாப்பிள்ளை ஒருவர், அவரைவிட இரண்டு மடங்கு இருந்த அவருடைய அம்மா. எல்லாரும் இளைக்க வந்தவர்கள். இளைத்தவர் ஒருவரும் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மேலே மண்டபத்தில் மாஸ்டர். நெற்றியில் ஆரஞ்சுப் பட்டை, காதில் மாட்டிய மைக், பனியனை முட்டிக்கொண்டு ஒரு தொப்பை. தொப்பையைப் பற்றிக் கேட்டால் "சேமித்த அக்னி" என்பார். "எரி!" என்று அவர் கத்துவார். "எரிக்கிறோம்!" என்று கூட்டம் குதிக்கும். கீழே டயர் கடைக்காரர் தலையில் சுண்ணாம்பு உதிரும்.

அரை மணி நேரம் குதித்து முடித்தால் அக்னிமானி தரிசனம். மேடை ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கையை உள்ளே விட்டால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் சிவப்பு எண் ஓடும். 620. 780. 910. அத்தனை கலோரியை எரித்துவிட்டீர்களாம்! எண் நின்றதும் ஒரு பச்சைச் சீட்டு கொடுப்பார்கள். உரிமைச் சீட்டு என்று பெயர். எரித்ததை அன்றைக்கே திருப்பித் தின்னும் உரிமை. படியிறங்கினால் முதலில் வரும் கடையில் கிரீம் பன், கேக், மில்க் ஷேக். கடை மாஸ்டருடைய மச்சானுடையது. தற்செயல்தான், தப்பாக நினைக்காதீர்கள்.

"திருப்பிச் சாப்பிடலைன்னா என்ன ஆகும் மாஸ்டர்?" என்று முதல் வாரம் ஒரு டீச்சர் கேட்டார்.

மாஸ்டர் குரலை இறக்கினார். "உடம்புக்குள்ள ஒரு அடுப்பு இருக்கும்மா. எரிச்சதை அன்னைக்கே திருப்பிப் போடலைன்னா அது அணைஞ்சிடும். அணைஞ்சா மறுபடி பத்தாது. அப்புறம் பச்சைத் தண்ணி குடிச்சாலும் கொழுப்புதான்."

முடிந்தது கதை. பேய் பிசாசு எதற்கும் பயப்படாத பல் டாக்டர்கூட அன்று இரண்டு கேக் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இந்தக் கூட்டத்தில் என் சித்தியும் இருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி வயிற்றில் குடலிறக்கம். தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவு புடைப்பு, இருமினால் இன்னும் பெரிதாகும். ஆபரேஷன் செய்தாக வேண்டும். "நாலு கிலோ குறைச்சுட்டு வாங்க. இப்படியே தச்சா தையல் நிக்காது" என்று டாக்டரம்மா சொல்லி, தினமும் என்ன சாப்பிடலாம் என்று ஒரு தாளும் எழுதிக் கொடுத்து, எட்டு வாரம் கழித்துத் தேதியும் குறித்தார். சித்தி அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்துவிட்டு நேராக மாஸ்டரிடம் போனாள்.

"சித்தி, இது எத்தனாவது பன்?"

"ரெண்டாவது. இன்னைக்கு எழுநூத்தி எம்பது எரிச்சேன்டீ. இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு."

"அரை மணி நேரம் குதிச்சா எழுநூத்தி எம்பதா? இருநூறு வந்தாலே பெரிசு. அதுலயும் கொஞ்சம் நீ சும்மா உட்கார்ந்திருந்தாலே எரிஞ்சிருக்கும்."

"உனக்குப் பட்டம் குடுத்தவங்க அடுப்பைப் பத்திச் சொல்லித் தரலையா?"

"நம்ம வீட்டு கேஸ் அடுப்பை தினம்தான் அணைக்கிறோம். மறுநாள் பத்தாமலா போகுது?"

"அது கேஸ். இது உசிரு" என்றாள் சித்தி, மீதிப் பன்னையும் வாயில் அடைத்துக்கொண்டு. மூன்று வருஷம் விழுந்து விழுந்து படித்த என் ஊட்டச்சத்துப் படிப்பு ஒரு கிரீம் பன்னிடம் தோற்றது.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரித் தராசு. செருப்பைக் கழற்றினாள், வாட்ச்சைக் கழற்றினாள், கொண்டை ஊசியைக்கூட உருவி என் கையில் கொடுத்தாள். ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது.

"தாள்ல இருக்கிறதைத்தானே சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். அதோட, குதிச்சு எரிச்சதையும்."

"குதிச்சீங்களா! இந்த வயித்தை வெச்சுக்கிட்டா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க நாள் பூரா நின்னு செய்ற வேலை, நடக்கிற நடை எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்த அளவையே போட்டேன். அதுக்கு மேல எரிச்சேன் எரிச்சேன்னு தனியா சாப்பிட்டா, ஒரே வேலைக்கு ரெண்டு சாப்பாடு இல்லையா?"

ஆபரேஷன் இன்னும் எட்டு வாரம் தள்ளிப்போனது. நடுவில் வலி தாங்க முடியாமல் போனாலோ வாந்தி வந்தாலோ உடனே ஓடிவரச் சொன்னார். மூட்டை தூக்கக் கூடாது என்று சலவைக்கூடத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

மறுநாள் காலை சித்தி மாஸ்டரிடம் போய் எடையைச் சொன்னாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது கொழுப்பு இல்லம்மா, தசை. டாக்டருங்க தராசுக்குத் தசை தெரியாது. சந்தேகப்படாதீங்க. சந்தேகம் அடுப்பை அணைச்சிடும்."

சித்தி அங்கிருந்து நேராக வேலைக்குப் போனாள்.

மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, துணி உலர்த்தும் பெரிய மெஷினின் வட்டக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூட்டை தூக்காதவளுக்கு இப்போது அதுதான் வேலை. உள்ளே வெள்ளைத் துண்டுகள் உருண்டுகொண்டிருந்தன.

"என்ன சித்தி, டிவி பார்க்கிற மாதிரி பார்க்கிற?"

"உள்ள போறப்ப பதினாலு கிலோ. வெளிய வர்றப்ப ஒம்போது. சூடு, ஓட்டம், ஈரமெல்லாம் ஆவி. நம்ம மண்டபத்துல இப்படி ஒருத்தர் இளைச்சு நான் பார்த்ததில்லடீ." சொன்னவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏய், காலையில என்கூட வர்றியா?"

மறுநாள் விடிவதற்குள் சலவைக்கூடத்துக்குப் போய், முதல் ஈட்டுத் துண்டுகளில் ஒன்றைச் சுடச்சுடப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அன்று அவள் குதிக்கவே இல்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்னிமானி வரிசையில் மட்டும் போய் நின்றாள். தன் முறை வந்ததும் பையிலிருந்து துண்டை எடுத்து ஓட்டைக்குள் திணித்தாள். மாஸ்டர் உட்பட எல்லார் கண்ணும் சுவர்த் திரையில்தான் இருந்தது.

900. 1,200. 1,640!

"பார்த்தீங்களா!" மாஸ்டர் மைக்கில் துள்ளினார். "நேத்து சந்தேகப்பட்டாங்க. இன்னைக்கு நம்பிக்கையோட வந்தாங்க. அடுப்புன்னா இதுதான் அடுப்பு! கைதட்டுங்க!"

மண்டபமே கைதட்டியது. சித்தி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

இரண்டு கைகளையும்.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. "அப்போ உள்ள இருக்கிறது யாரு கை?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி துண்டை உருவி உதறிக் காட்டினாள். "இவருதான். இருபது நிமிஷம் உருண்டாரு. நல்லா இளைச்சும் இருக்காரு. மாஸ்டர், இவருக்குச் சீட்டைக் குடுங்க. கேக்கை மட்டும் எந்தப் பக்கம் ஊட்டணும்னு சொல்லிடுங்க."

மாஸ்டர் நெற்றிப் பட்டையைச் சரிசெய்தார். "அது... உங்க வேர்வை பட்ட துண்டும்மா. உங்க சக்தி அதுல இறங்கியிருக்கு."

"ஆஸ்பத்திரித் துண்டுங்க இது. எந்த வார்டு நோயாளியோட சக்தின்னு உங்க பெட்டியையே கேட்டுச் சொல்லுங்க."

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. பஸ் டிரைவர் தடதடவென்று கீழே ஓடி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பன் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் வைத்தார். 1,120. தன்னைத் தின்னும் உரிமையை அந்தப் பன் தானே சம்பாதித்துக்கொண்டது. போதாதென்று கூடவே இன்னும் மூன்று பன்னுக்கும்! பல் டாக்டர் டார்ச்சை எடுத்து, சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சூடு பார்க்கிற கம்பி ஒண்ணு இருக்கு. வேற ஒண்ணுமே இல்லையே!"

மாஸ்டர் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். காதில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். மண்டபத்தின் நாலு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலில் சொன்னன: "மச்சான், ஷட்டரை இறக்குடா! பொம்பளை துண்டை வெச்சு மானத்தை வாங்கிட்டா!"

அதன்பின் நடந்ததில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை. சித்தி தினமும் நடந்தாள். நடந்ததற்குக் கூலியாக எதையும் தின்னவில்லை. தாளில் இருந்ததைச் சாப்பிட்டாள். நிஜமாகவே பசித்த நாளில் டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு பழம் சேர்த்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை அதே தராசில் ஏறினாள். சில வாரம் முள் நகரவில்லை. திட்டினாள், மறுநாளும் நடந்தாள். அடுப்பு அணையவில்லை. எட்டு வாரம் பத்தாகிவிட்டது, ஆனால் கூடிய ஒன்றேகாலும் போய், கேட்ட நாலும் போயிருந்தது. ஆபரேஷன் நடந்தது. தையல் நின்றது.

மூன்றாம் நாள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா எட்டிப் பார்த்து ரகசியமாகக் கேட்டார். "அஞ்சு கிலோ இளைச்சீங்களாமே! எந்த மாஸ்டருங்க?"

"சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் சித்தி. "வாயை மூடினேன், மூளையைத் திறந்தேன். அதுவரைக்கும் தலைகீழா செஞ்சுக்கிட்டிருந்தேன். நீங்க இன்னும் அதைத்தான் செய்றீங்க. இல்லைன்னா எப்படி இளைச்சேன்னு கேட்டிருப்பீங்க, எந்த மாஸ்டர்னு கேட்டிருக்க மாட்டீங்க."